ஈரத் தளத்தின் கீழே

இன்று முருகன் கோயில் மண்டபத்துப் புதுத்தளத்தில் தண்ணீர் ஊற்றிய வாசனை வந்ததும், இடஒதுக்கீட்டு மறியல் நடந்த நாட்களில் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டு வேலைக்குக் காவலாக, சிமெண்ட் மூட்டைகளோடு மூட்டைகளாய் நாங்கள் குடியிருந்த தகரக் கொட்டகை கண்ணுக்குள் வந்து நின்றது.

"உன் புருஷன் மறியலுக்குப் போயிக்கினு இருக்கான். கொட்டாய இன்னிக்கே காலி பண்ணு" என்று கத்தினார் வீட்டு முதலாளி.

சித்தாளான அம்மா இடுப்புக் குடத்தை இறக்கவே இல்லை. "அவரு போறது எங்க புள்ளைங்களுக்காவங்க. நேத்து போட்ட தளம், தண்ணி கம்மியானா வெடிச்சிடும். நான் ஊத்திக்கினுதான் இருப்பேன். கொட்டாய வேணும்னா பிரிச்சிக்கோங்க."

முதலாளி ஆள்விட்டுப் பிரித்தே விட்டார். அம்மா கடைசிக் குடத்தையும் ஊற்றிவிட்டு இறங்கி வந்து, கதவில்லாத அந்த வீட்டுக்குள், தளத்தைத் தாங்கிய சவுக்குக் கம்புகளுக்கு நடுவே பாயை விரித்தாள்.

"முருகா" என்று கும்பிட்டுவிட்டு எங்களிடம் சொன்னாள்: "படுங்க. இந்தத் தளத்துக்கு ஜல்லி சொமந்தவ நானு. எவன் எழுப்புறான்னு பாக்கறேன்."