காலி சீட்டின் பெல்ட்

இது நடந்தது. கட்டுக்கதை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் பெங்களூரு மர்பி டவுனுக்குப் போய், மெக்கானிக் ஞானசேகரனின் இடது மணிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். நாலு நகத் தழும்பு. ஏழு மாதமாகியும் மறையவில்லை.

ஞானசேகரன் பயந்த சுபாவக்காரர் கிடையாது. அவரிடம் வந்தது கிரணின் வெள்ளை டர்போ கார். கிரண் ஐ.டி. கம்பெனிக்காரன், வேகப் பைத்தியம். இந்தச் சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்பு அதில் ஒரு இக்னிஷன் காயில் போய்விட்டது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற சாமான் அது. புதுசு வர நாளாகும் என்பதால், உடைந்த வண்டிகளைப் பிரித்து விற்கிற லாயிட்டின் குஜரிக் கடையில் பழைய காயில் ஒன்றை வாங்கி மூன்றாவது சிலிண்டரில் மாட்டினார். எந்த வண்டியில் கழற்றியது என்று எப்போதும் கேட்பார். அன்றைக்கு அவசரம், கேட்கவில்லை.

அதிலிருந்து ஒரு வினோதம். சாதாரணமாக ஓட்டினால் வண்டி சத்தமில்லாமல் போகும். ஆர்.பி.எம். ஆறாயிரத்து நானூறைத் தொட்டதும் மிஸ்ஃபயர். 'டக்... டக்டக்' என்று உதறி, இழுவை மொத்தமும் போய்விடும். லாரியை ஓவர்டேக் பண்ணும்போது அப்படி ஆனால் கதை முடிந்தது. கிரணோ சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவி வீணாவை வேலூரில் அவள் அம்மா வீட்டில் விடக் கிளம்புகிறான்.

"வீணாவ ஏத்திக்கிட்டுப் போறேண்ணா. பாத்துச் செய்ங்க."

ஞானசேகரன் உடனே பானெட்டைத் திறந்தார். பிளக்கை மாற்றினார், உதறல் போகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அந்தக் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றினார். கோளாறும் கூடவே அங்கே போனால் காயில்தான் குற்றவாளி. அதற்குள் வந்துவிட்ட புதுக் காயிலின் பெட்டியைப் பிரித்துவிடலாம். ஆனால் பெங்களூரு டிராஃபிக்கில் ஆறாயிரத்து நானூறுக்கு எங்கே போவது? மூன்றாவது கியரைப் பார்ப்பதே பெரிய விஷயம்! அதனால் விடியுமுன்னே ஆனேக்கல் பக்கம் ஒரு காலி ரோட்டுக்குப் போனார்.

மணி 5.12. பனி. பக்கத்து சீட்டில் டூல்ஸ் பை.

பீப்... பீப்...

பெல்ட் போடச் சொல்கிறது வண்டி. பையின் கனம்தான் காரணம் என்று அதை எடுத்துப் பின்னால் போட்டார்.

பீப்... பீப்...

சீட்டில் இப்போது ஒன்றுமே இல்லை.

"அட சனியனே!" என்று திட்டிக்கொண்டு, நம்மில் பாதிப் பேர் செய்கிற வேலையைச் செய்தார். காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினார். கப்சிப்.

5.19. ஆறாயிரம். ஆறாயிரத்து நானூறு. டக்... டக்டக். எந்த சிலிண்டரில் கோளாறு என்று காட்டும் ஸ்கேனரைப் பார்த்தார். முதல் சிலிண்டர். காயிலேதான்! அங்கேயே திரும்பியிருக்கலாம். எதையும் இரண்டு தரம் பார்ப்பது அவர் பழக்கம். அந்தப் பழக்கம் அன்றைக்கு ஆளையே தின்னப் பார்த்தது.

5.24. ஐயாயிரம்... ஆறாயிரம்...

பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

ஏ.சி. போடவில்லை. இடது பக்கம் மட்டும் ஜில்லென்றது.

"நிதானா ரீ..."

கன்னடம். பெண் குரல். மெதுவாகப் போங்க என்று புருஷனிடம் கெஞ்சுகிற குரல்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க நினைத்தார். கால் வரவில்லை.

"நிதானா..."

ஆறாயிரத்து நானூறு.

டக்...

கியர் மேலிருந்த கையை... ஒரு கை பிடித்தது.

எப்படிப் பிரேக் அடித்தார், தெரியாது. வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. சீட் மட்டும் அமுங்கியிருந்தது. பெல்ட் சீட்டோடு சீட்டாக ஒட்டிக்கிடந்தது. இழுத்தார். அசையவில்லை. அதன்மேல் யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பது போல.

மணிக்கட்டில் ரத்தம். நாலு நகம்.

முருகா முருகா என்று முனகியபடி, இரண்டாவது கியரைத் தாண்டாமல், இடது பக்கம் திரும்பாமல் மர்பி டவுன் வந்து சேர்ந்தார். அந்தக் காயிலைப் பிடுங்கிப் புதுசை மாட்டினார். அந்த சீட் பக்கம் மட்டும் போகவில்லை.

எட்டு மணிக்குக் கிரணும் வீணாவும் வந்தார்கள். என்னவென்று சொல்வது? சாவியை மட்டும் நீட்டினார். வீணா ஏறி உட்கார்ந்தாள்.

"பெல்ட் ஏற்கெனவே மாட்டியிருக்கு, கிரண். நல்லதாப் போச்சு, வயித்த அழுத்தாது. அப்படியே உக்காந்துக்கறேன்."

சொல்லிவிட்டு, மாட்டிய பெல்ட் மேலேயே முதுகைச் சாய்த்தாள்.

அமுங்கிய சீட். அசையாத பெல்ட். விடியற்காலையில் பார்த்தது இப்போது ஞானசேகரனுக்குப் புரிந்தது.

"எந்திரிம்மா!" என்று கத்தியே விட்டார். "கழட்டு அத. வயித்துக்குக் கீழ விட்டு ஒழுங்காப் போடு. என்மேல சத்தியம்!"

கிரண் ஒரு மாதிரி பார்த்தான். வீணா மிரண்டுபோய்க் கழற்றி, ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள்.

10.35-க்குப் போன் வந்தது. கிரண்.

"அண்ணா... கிருஷ்ணகிரி தாண்டி லாரிக்காரன் சடன் பிரேக் போட்டுட்டான். முன்னாடி பூரா போச்சு. வீணாவுக்கு ஒண்ணும் இல்லண்ணா. டாக்டர் பாத்துட்டாங்க, குழந்தையும் நல்லா இருக்கு. பெல்ட்தான் பிடிச்சு நிறுத்திச்சு..."

ஞானசேகரன் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அழுது முடித்து லாயிட்டைப் போனில் கூப்பிட்டார்.

"அந்தக் காயில் எந்த வண்டியோடது, லாயிட்?"

"அதுவா மேன்? ஒரு சிவப்பு வண்டி. ஆக்ஸிடென்ட். வொய்ஃப் ஸ்பாட்லயே போயிட்டா, பாவம். பீப் சத்தம் தொல்லைன்னு பெல்ட்ட முதுகுக்குப் பின்னால மாட்டிட்டு உக்காந்திருக்கா. மீட்டர் முள்ளு ஆறாயிரத்து நானூறுலயே நின்னுபோச்சு."

"புருஷன்?"

"பொழச்சுட்டான். வண்டிய எனக்கு வித்ததே அவன்தான். அவ்ளோ பெரிய ஆக்ஸிடென்ட், உடம்புல ஒரு காயம் இல்ல மேன்..."

லாயிட் குரலைத் தாழ்த்தினான்.

"இடது மணிக்கட்டுல மட்டும்... நாலு நகக் கீறல்."