மண்ணுக்குப் போகாத பால்

மரகதம் அக்கா தவறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் ஷீலாதான் பேசினாள். "அண்ணா, அம்மா போயிட்டாங்க" என்றாள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "அடக்கம் முடிஞ்ச மறுநாள் பால் தெளிக்கணும். நீங்கதான் கொண்டுவரணும்" என்றாள். அழுகைக்கு நடுவிலும் ஆர்டர் கொடுக்க மறக்காத குடும்பம். கழுவ வேண்டிய கேன்களைக் கழுவி முடித்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

ஸ்ரீராம்புரத்தில் அவருடைய டீக்கடைக்குப் போனவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் திட்டு வாங்காதவர் யாரும் இருக்க முடியாது. ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். "மீதிய யாரு குடிப்பா, உங்க மாமனாரா?" என்று கேட்டார் அக்கா. அவர் மறுபடி உட்கார்ந்து குடித்து முடித்தார். நகரத்துக்கு வெளியே அத்திபெலேயிலிருந்து பால் கொண்டுபோகும் என்னிடமும் அதே வாய்தான். "ஏம்பா முனிராஜு, தண்ணி ஊத்துனியா, இல்ல வர்ற வழியில மழையில நனைஞ்சுதா?" என்பார். மழையே பெய்திருக்காது. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பதிலுக்கு நானும் அவருடைய டீயைக் கழுவுதண்ணீர் என்று சொல்வேன். இப்படித்தான் எங்கள் வியாபாரம் நடந்தது.

பிறகு லாக்டவுன் வந்தது. ஹோட்டல், கல்யாண மண்டபம், ஸ்வீட் கடை எல்லாம் ஒரே நாளில் மூடின. அக்காவின் கடையும் மூடியது. எங்கள் பக்கத்தில் பால் எடுக்கும் சென்டரும் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியது. மாடு மட்டும் காலையும் மாலையும் மடி கனத்துக் கத்தியது. கறக்காமல் விட்டால் மடி வீங்கும். கன்றுகளை வயிறு முட்டக் குடிக்கவிட்டோம்; அவற்றுக்குக் கழிச்சல் கண்டது. மிஞ்சியதைக் கால்வாயில் ஊற்றினேன். என் மனைவி அந்தப் பக்கமே வரமாட்டாள். போனில் படம் பிடிக்க ஒருவன் வந்தான். சரியாக விழவில்லை, இன்னொரு தடவை ஊற்றுங்கள் என்றான். புத்தி கெட்டு, ஊற்றினேன்.

அந்தப் படம் அக்காவின் போனுக்கும் போய்விட்டது. உடனே கூப்பிட்டார். "உன் மூஞ்சியப் பாத்தேன். நல்லாத்தான் ஊத்துற."

"மாட்டுக்கு யாருக்கா போய்ச் சொல்றது, லாக்டவுன்னு?"

"மாட்டுக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? இந்தச் சந்துல புள்ளைங்க பாலில்லாம வரட்டீ குடிச்சிட்டுக் கெடக்குது. இன்னிக்கு சாயங்காலம் கறந்தத எடுத்துட்டு வா. மண்ணுக்கு ஒரு சொட்டுகூடக் குடுக்காதே."

வேனில் ஈரச் சாக்கு சுற்றிய கேன்களோடு கிளம்பினேன். பால் வண்டியை விடலாம் என்று உத்தரவு இருந்தது. ஆனால் வழியில் நின்ற போலீஸ்காரருக்கு அது தெரியவில்லை. "பாஸ் எல்லி?" என்று கன்னடத்தில் பாஸைக் கேட்டார். கேனைத் திறந்து காட்டினேன். அவருக்குப் பாலில் அக்கறை இல்லை. வெயில் இறங்கியும் புழுக்கம் போகவில்லை. இது திரிந்தால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான் எனக்கு. ஒருவழியாக விட்டார்.

சந்துக்குள் நுழைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வாசலுக்கு வாசல் பெண்கள் பாத்திரத்தோடு நின்றார்கள். அடுப்புகள் தயாராக இருந்தன. "சீக்கிரம் எறக்கு. இன்னும் ஒரு வீட்லயும் விளக்கு ஏத்தல" என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். இவ்வளவு பாலை அன்றே குடித்துத் தீர்க்க முடியாது. சின்ன வீடுகள், எங்கும் ஃபிரிட்ஜ் இல்லை. காய்ச்சித் தயிராக்கினால்தான் தப்பும். ஆனால் உறைக்குத் தயிர் இருந்தது இரண்டு மூன்று வீடுகளில்தான். விளக்கு வைத்துவிட்டால் வீட்டிலிருந்து பாலோ தயிரோ வெளியே கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்பது வழக்கம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. கேட்டாலும் யாரும் தர மாட்டார்கள். அதனால் அக்கா வீடு வீடாகப் போய், பால் வரும்வரை விளக்கேற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார். எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும் மல்லுக்கு நின்றாராம். "சாமி காத்திருக்கும். பால் காத்திருக்காது" என்று சொல்லித் தீப்பெட்டியையே வாங்கி வைத்துக்கொண்டார் அக்கா.

பால் திரியவில்லை. சந்து முழுக்கப் பால் பொங்கும் வாசம். ஆறியதும் ஒரு கிண்ணத் தயிர் கைமாறிக் கைமாறி எல்லா வீட்டுக்கும் போனது. கடைசிப் பாத்திரத்துக்கு உறை ஊற்றிய பிறகு அக்கா தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே முதல் விளக்கை ஏற்றினார். கடைகள் திறக்கும்வரை தினமும் போனேன். போலீஸ்காரரும் பழகிவிட்டார். என் மனைவி கால்வாய்ப் பக்கமே வராததை அக்காவிடம் சொல்லியிருந்தேன்; முதல் தயிரில் ஒரு சிறு டப்பா எனக்கும் கொடுத்தார். "வீட்ல உறைக்கு வச்சுக்கோ. உன் பெண்டாட்டி கால்வாய்ப் பக்கம் போகாம இருந்ததுக்கு" என்றார்.

பால் தெளிப்பு அன்று ஒரு கேன் பால் கொண்டுபோனேன். இடுகாட்டில் புது மண்மேட்டின் முன்னால் சொம்பை என் கையில் கொடுத்தார்கள். "மொத்தமா ஊத்துப்பா" என்றார் ஒரு பெரியவர். சாய்த்தேன். கொஞ்சம் விழுந்ததுமே கை நின்றுவிட்டது. அதற்குமேல் சாயமாட்டேன் என்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"போதும்ணா," என்றாள் ஷீலா. "அம்மா எழுந்து வந்து திட்டும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் அழுகை வந்தது. சொம்பில் இருந்த மீதியை அங்கே படுத்திருந்த நாய்க்கு வைத்தோம். கேன் பால் சந்துக்குப் போய் டீ ஆனது. ஒருவரும் மீதி வைக்கவில்லை.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அந்த உறைதான். அன்று கொடுத்த தயிரில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாளுக்கு, அதில் ஒரு கரண்டி அதற்கடுத்த நாளுக்கு என்று என் மனைவி இதுவரை விடாமல் வைத்திருக்கிறாள். இடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தேன். பொழுது சாய்ந்திருந்தது. அவள் தீப்பெட்டியை எடுத்தாள், என்னைப் பார்த்தாள், கீழே வைத்தாள். முதலில் பாலுக்கு உறை ஊற்றினாள். சாமி காத்திருந்தது.