எண்பது கிலோமீட்டர் வெளிச்சம்

எண்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ரவுட்டர்களை ஃபைபரால் இணைக்கும் வேலை. இந்த முனையில் பதினோரு வருட அனுபவமுள்ள அவள். மறுமுனையில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. இணைப்பு வரவில்லை.

"ஃபைபர் முனையை ஒழுங்கா துடைக்கத் தெரியலன்னா நாளைக்கு வராதே!" மூவரும் இருந்த போன் அழைப்பில் மேலாளர் அந்தத் தொழிலாளியிடம் எகிறினார்.

"துடைச்சுத் துடைச்சு கையே தேஞ்சுபோச்சு சார். ஒளி அளக்கிற மீட்டர்ல வெளிச்சம் வருது, ரவுட்டருக்குத்தான் தெரியல."

அவளுக்குச் சுருக்கென்றது. முந்தின நாள், ரவுட்டரில் செருகி ஒளியை அனுப்பி வாங்கும் நெடுந்தூர மாட்யூல்களை மேசையில் வைத்து, ஒரு மீட்டர் நீளக் கேபிளில் சோதித்தவள் அவள்தான். அவ்வளவு தூரம் ஓட வேண்டிய ஒளி பக்கத்திலேயே பாய்ந்து, அவரிடம் போன மாட்யூலின் ஒளி வாங்கும் பகுதியைக் கருக்கியிருக்கும்.

"சார், தப்பு என்னோடது. ஒளியைக் குறைக்காம சோதிச்சுட்டேன். அண்ணே, பெட்டியில இருக்கிற புது மாட்யூலை மாட்டுங்க."

பச்சை விளக்கு எரிந்தது.

"வந்துடுச்சு தங்கச்சி. நாளைக்கு நான் வரலாமான்னு சாரைக் கேட்டுச் சொல்லு!"