முப்புரிச் சுருட்டு

பற்றவைக்காத உயர்ந்த சுருட்டுக்கு ஈரமண்ணும் வெல்லமும் கலந்தாற்போல் ஒரு மணம் உண்டு. அந்த மணத்தோடு வந்த ஒரு நண்பகலைப்பற்றி, என் கண்ணால் கண்டதையும் உடனிருந்த அம்மா ஒப்புக்கொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன். ஏனெனில் எங்கள் ஊர் அதை ஏற்கெனவே தன் விருப்பம்போல் கூட்டியும் குறைத்தும் சொல்லித் தீர்த்துவிட்டது.

வல்லம் வடகாலை அடுத்த எங்கள் ஊரில் முனீஸ்வரன் அருள் என் அப்பா கன்னியப்பன்மேல்தான் இறங்கும். ஆடித் திருவிழாவில் அருள் வந்த பின்னரே படையல் சுருட்டு அவர் உதட்டைத் தொடும். மற்ற நாள்களில் பீடிகூடப் பிடிக்கமாட்டார். "இது அவன் வாயி, நான் சோறு துன்றதுக்கு வச்சிகினு கீறேன்" என்பார். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு ஓர் ஆலையின் விருந்தினர் விடுதியில் அவர் தோட்ட வேலைக்கும், அம்மா பாத்திரம் துலக்கவும் சேர்ந்தார்கள். இருவருமே "கான்ட்ராக்ட்". அப்பாவைப் "பர்மனன்ட்" ஆக்குவதாக விடுதி மேலாளர் ஆசைகாட்டிக்கொண்டே இருந்தார்.

பள்ளி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு போயிருந்தேன். புல்வெளியில் அயல்நாட்டு விருந்தினர்களுக்கு மேலாளர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். முனீஸ்வரனின் சுருட்டைத் தவிர வேறு வடிவம் அறியாத எனக்கு அது பெரும் வியப்பு. அடிமுதல் நுனிவரை ஒரே பருமனாய் நேர்ச்சுருட்டு. வாய்ப்பக்கம் மட்டும் வெண்டைக்காய் நுனியாய்க் கூம்பியது ஒன்று. நெசவுத்தறியில் ஓடும் நாடாக்கட்டையைப்போல் இருமுனையும் ஒடுங்கி வயிறு பருத்தது இன்னொன்று. எதுவாயினும் மூடிய வாய்ப்பக்கத்தைச் சீவிவிட்டு மறுமுனையில்தான் நெருப்பு வைக்கவேண்டும். கடைசியாக, மூன்று மெல்லிய சுருட்டுகளைச் சடைபோல் முறுக்கிக் கட்டிய முப்புரி. அதைப் பிரித்து ஒவ்வொன்றாகவே புகைக்கவேண்டும் என்று மேலாளரே விளக்கினார். பிறகு அப்பாவை அழைத்தார்.

"கன்னியப்பா, சாமி வந்தா சுருட்டு புடிப்பியாமே? கொஞ்சம் வரச்சொல்லுய்யா."

"ஆடியிலதான் சார் வரும். கூப்டா வர்றதுக்கு அது இன்னா டிரைவரா?"

சுற்றி நின்ற பணியாளர்கள் சிரித்தார்கள், மேலாளர் சிரிக்கவில்லை. "நாளைக்குப் பர்மனன்டுக்குப் பேரு அனுப்பறேன். உன் பேரு வேணுமா, வேணாமா?"

அம்மா ஈரக்கையோடு ஓடினாள். "வேணாம்யா, வா வூட்டுக்குப் போலாம்."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. முப்புரியைப் பிரிக்காமலே அவர் வாயில் திணித்து, மூன்றுக்கும் ஒருசேரத் தீ வைத்த மேலாளர், "சாமிக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்றார். அப்பா இழுத்தார், இருமினார், கண் சிவந்தது, உடல் உதறியது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். பணியாள் ஒருவன் கைபேசியில் படம் பிடித்தான். அப்போது, திருவிழாவில் கேட்கும் அதே கட்டைக்குரல் புல்வெளியில் எழுந்தது: "டேய், என் புள்ளைய பர்மனன்ட் பண்ணுடா!"

மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அதை ஆங்கிலத்தில் விருந்தினர்களுக்குச் சொன்னார். அவர்கள் மீண்டும் கைதட்டினார்கள். அப்பா புல்லில் வாந்தி எடுத்தார். அதைக் கழுவிவிட அம்மாவைப் பணித்தார்கள்.

மறுநாள் அனுப்பிய பெயர்களில் அப்பாவின் பெயர் இல்லை. அதற்குள் அந்தக் காட்சி ஊரார் கைபேசிகளில் ஏறிவிட்டது. "முனீஸ்வரனே கான்ட்ராக்ட்லதான் கீறாராம்டா" என்று பிள்ளைகள் என்னைச் சுற்றிவந்து பாடினார்கள். அடுத்த ஆடியில் உடுக்கை ஒலிக்க அப்பாவின் தோள் குலுங்கத் தொடங்கியபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்: "இன்னா சாமி, வேல கெடச்சிதா?" சிரிப்பு அடங்குவதற்குள் குலுக்கல் நின்றுவிட்டது. அப்பா கைகட்டி ஓரமாய்ப் போய் நின்றார்.

இன்றும் அந்தத் திருவிழா நடக்கிறது. அருள் இறங்குவது மட்டும் இல்லை. படையல் சுருட்டைப் பூசாரி கல்லின்மேல் வைத்துக் கொளுத்துகிறார். அது தானே எரிந்து அணைகிறது. அப்பா இருக்கிறார், இதைப்பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். புல்வெளியில் வேலை கேட்டது முனீஸ்வரனா, என் அப்பாவா என்பது எனக்குத் தெரியாது. அது அப்பாதான் என்றால், அதற்கு முந்தைய ஆடிகளில் எங்கள் ஊர் யார் காலில் விழுந்தது என்பதும் தெரியாது.