சித்தியின் பாட்டுக்கு நான் எழுதிய பதில்

சித்தி இன்றும் பாடுகிறாள். இன்றும் மேடையில் சிரிப்பதில்லை. அது ஏன் என்று யாராவது என்னிடம் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் தெரியும் என்று சொல்லிப் பட்டதே போதும்.

அவள் அம்மாவின் தங்கை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். லீவுக்குத் திண்டுக்கல்லுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். மாதா கோயில் பாடகர் குழு மாஸ்டர் ஆர்மோனியத்தின் மேல் தலை சாய்த்துத் தூங்குவதை அவள் நடித்துக் காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அது ஞாபகம் வந்து சிரித்து, அம்மாவிடம் நான் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் பெங்களூரில் மூன்று நண்பர்களோடு ஒரு பேண்ட் வைத்திருக்கிறாள் என்பதே எங்களுக்குத் தெரியாது. பாட்டு ஒன்று யூடியூபில் வந்திருக்கும் செய்தி செம்பட்டியிலிருந்துதான் வந்தது. அங்கே ஒரு குடும்பத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். பையனின் அம்மா போன் செய்தார்.

"பாடுறது தப்புன்னு சொல்ல வரலங்க. ஆனா பொண்ணு ஏன் இம்புட்டு முறைக்குது?"

அன்று சாயங்காலமே அம்மாவின் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். வெள்ளைச் சுவர். அதன் முன்னால் கறுப்புச் சட்டையில் சித்தி, தலை சீவாமல், கண் கொட்டாமல் நின்றாள். கிடாரில் அதே மூன்று சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. சித்தி பாடவே இல்லை. ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். சாப்டாச்சு, தூங்கியாச்சு, மழை இல்ல, வெயில் இல்ல, நல்லா இருக்கேன். பிறகு முதலிலிருந்து அதே. டிரம் வேகமாகிக்கொண்டே போனது, அவள் குரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த மாதிரிப் பாட்டுக்கு போஸ்ட்-பங்க் என்று பெயர் இருப்பது காலேஜ் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். கடைசி வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "இது பாட்டா, புகார் மனுவா?" என்றார். தலையையாவது சீவியிருக்கலாம் என்றாள் அம்மா. மறுநாள் வந்த பாடகர் குழு மாஸ்டர் பாதியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். சின்ன வயதில் முதல் வரிசையில் நிறுத்திப் பாடவைத்த பிள்ளை என்று இரண்டு தடவை சொன்னார்.

பாட்டுக்குக் கீழே வந்திருந்த கமெண்டுகளை வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. ஆங்கில எழுத்தில் எழுதின தமிழ் அம்மாவுக்குக் கண்ணைக் கட்டும். முதல் இரண்டு நாள் பெருமையாக இருந்தது, பிறகு வாசிக்கவே பிடிக்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று ஒருவன் எழுதினான். ராணி என்று இன்னொருவன். இது அரசாங்கத்தை எதிர்க்கிற பாட்டு என்று ஒருவர் பத்தி பத்தியாக எழுதியிருந்தார். அவருக்குக் கீழே ஒருவர், காதல் தோல்விதான், சந்தேகமே வேண்டாம் என்று சொல்லி ஆறுதலும் கூறியிருந்தார். ஒரு பேட்டியில் ஏன் சிரிக்கமாட்டீர்கள் என்று கேட்ட பையனிடம் சித்தி, "நீங்க ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அதை மட்டும் வெட்டி ஊரெல்லாம் அனுப்பினார்கள். பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் வீட்டில் வாசிக்க முடியாததை எழுதினார்கள்.

"போதும், நிறுத்து புள்ள" என்பாள் அம்மா. அடுப்படிக்குப் போய்விட்டு, செத்த நேரத்தில் திரும்பி வந்து, "வேற என்ன போட்ருக்கான்?" என்பாள்.

இவர்களில் ஒருவருக்காவது என் சித்தியைத் தெரியுமா? அவள் பல்லிக்குப் பயந்து கட்டில் மேல் ஏறி நிற்பதைப் பார்த்திருக்கிறார்களா? ஒவ்வொருவன் சட்டையையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் என்னை உண்மையில் கொதிக்க வைத்தது வசவு இல்லை. யாரோ ஒரு பெண் ஒரே வரி எழுதியிருந்தாள். இந்தப் பொண்ணுகிட்ட யாராவது பேசுங்க, ப்ளீஸ்.

நாங்கள் பேசாமலா இருக்கிறோம்? அம்மாவின் கணக்கிலிருந்தே பதில் தட்டினேன். 'நாங்க தினமும் எட்டு மணிக்குப் போன்ல பேசுறோம். சாப்டியான்னு கேப்போம், சாப்டேன்னு சொல்லும். நல்லா இருக்கியான்னு கேப்போம், நல்லா இருக்கேன்னு சொல்லும். உங்க வேலையப் பாருங்க.'

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், என் பதிலுக்கு விழுந்திருந்த அளவுக்கு லைக் பாட்டைத் தவிர வேறு எதற்கும் விழவில்லை. கீழே வரிசையாக அழுகிற பொம்மைகளும் கும்பிடுகிற கைகளும். பாட்டே இதுதான் என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லார் வாயையும் அடைத்துவிட்டேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சித்தி வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவிடாமல் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"தினமும் போன்ல நல்லா இருக்கேன்ற. அங்க ஊருக்கு முன்னாடி இப்படிப் போய் நிக்கிற. செம்பட்டிக்காரங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்ல? எதுதாண்டி நெசம்?"

சித்தி அம்மாவையே பார்த்தாள். ஏதோ சொல்ல வருவதுபோல இருந்தது. பிறகு பையைக் கீழே போட்டுவிட்டு, அப்பா மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவதுபோலச் செய்து, "இது பாட்டா, புகார் மனுவா?" என்றாள். அதை அவளுக்குப் போனில் சொன்னது நான்தான். முதலில் சிரித்தது அப்பா.

"அதெல்லாம் மேடைக்குக்கா. சிரிச்சுக்கிட்டுப் பாடுனா எவன் பாப்பான்?" என்றாள் சித்தி.

அம்மாவுக்கு மூச்சு வந்தது. கறிக்குழம்பு கொதிக்கிறது என்று உள்ளே ஓடினாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் நானும் சித்தியும் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா பேர்ல கமெண்டு போட்டது நீதான?"

"ஆமா சித்தி. எம்புட்டு லைக்குன்னு பாத்தியா?"

"பாத்தேன்." கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "பேசச் சொல்லி ஒரு பொண்ணு போட்ருந்துச்சுல்ல. அதுக்கு எதுக்குப் பதில் போட்ட?"

"பொய்தான சொல்றாங்க. நீ நல்லாத்தான இருக்க?"

சித்தியின் முகம் வெள்ளைச் சுவர் முன்னால் நின்ற அதே முகமாகிவிட்டது. இங்கே கேமராவும் இல்லை, டிரம்மும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. தப்புச் செய்துவிட்டேனோ என்று தோன்றியது.

"சித்தி, வீடியோல மாதிரி பாக்காத. சிரி."

உடனே சிரித்தாள். என் கன்னத்தைக் கிள்ளி, துணிக்கூடையை என் தலையில் கவிழ்த்து, படி வரை விரட்டினாள். சித்திக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நடிப்புதான் என்று நான் கீழே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதையே செம்பட்டிக்குப் போனில் சொன்னாள்.

மழைக்காலம் முடிந்ததும் சித்தி வேலைக்குப் போவதையும் போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். அப்பா பெங்களூருக்குப் போய் அவளைக் கூட்டிவந்தார். நாலு மாதம் எங்கள் வீட்டு உள்ளறையில் இருந்தாள். மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். செம்பட்டிப் பேச்சு தானாக நின்றுபோனது. அந்த அறைக்குள் நின்று சத்தம் போடக்கூடாது, சித்தியிடம் எதையும் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். காரணம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் வாசலில் நின்று பாடகர் குழு மாஸ்டர் தூங்குவதை நடித்துக் காட்டுவேன். சித்தி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் இவள் நடிப்பை விடமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு அப்படி எரிச்சலாக வரும்.