வேறு எதுவும் கொடுக்கவில்லை, டாக்டர்

சித்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வாங்க மாட்டேன், திருப்பிக் கொடுத்துவிடுவேன். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாதவர்களைக் கண்டால் எனக்கு அப்படி ஓர் எரிச்சல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் எழுதப்போவது என் மூக்குடைந்த கதை.

என்னோடு வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் பாகாலாவிலிருந்து வருகிறவர். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தெருநாய் குட்டி போட்டு, நான்கு குட்டிகளை யார் யாரோ கொண்டுபோய், ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. "எடுத்துக்கினு போயேன். உங்க வீட்ல பெரியவரு பகலெல்லாம் தனியாத்தானே கீறாரு?" என்றார்.

அவர் சொன்ன பெரியவர் என் நைனா. நகரியில் நாற்பது வருடம் பவர்லூம் ஓட்டியவர். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருமுனை வரை கேட்கும். அம்மா இறந்த பிறகு திருப்பதியில் எங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம். வந்து இரண்டு வருடம். கேட்டால் பதில் சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டால் இரவு சாப்பாடு வரை அந்த வீட்டில் மின்விசிறி சத்தம் மட்டும்தான்.

சரி, வருவது வரட்டும் என்று ஒயர் கூடையில் துண்டை விரித்துக் குட்டியைப் படுக்கவைத்து பஸ் ஏறினேன். கண்டக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "குக்கபில்லா?" என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம், நாய்க்குட்டிதான் என்றேன். "தானிகி டிக்கெட் வத்துலேம்மா" என்று, அதற்கு டிக்கெட்டை வேண்டாமென்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மடியில் ஒரு தடவை மூத்திரம் போனதைத் தவிர, பிரயாணம் சௌக்கியம்.

நைனா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை நான் அடுப்படியில் இருக்கும்போது கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. "டேய், பாயக் கடிக்காத. சொல்லிக்கினே கீறேன், இன்னாடா மொறைக்கிற?" என்று குட்டியை அதட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலே நாளில் அதற்குத் தறி எப்படி ஓடும், கரண்ட் போனால் பாவு நூல் எப்படி அறுந்து போகும் என்று பாடம் நடக்கத் தொடங்கிவிட்டது. குட்டியும் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது. என்னிடம் இரண்டு வருடத்தில் பேசாததை அதனிடம் ஒரு வாரத்தில் பேசினார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்போது புரட்டாசி மாதம். திருப்பதியில் குடியிருப்பவர்களுக்குப் புரட்டாசி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நகரி, புத்தூர், பிச்சாட்டூர் என்று எல்லாப் பக்கத்துச் சொந்தமும் மலைக்கு வரும். மலையிலிருந்து இறங்கினால் நேரே நம் வீடு. குளிக்க வெந்நீர், குடிக்க காபி, கால் நீட்ட ஒரு பாய். போகும்போது கட்டாயம் ஒரு லட்டை வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஊரெல்லாம் லட்டுக்கு ஏங்கும். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு எவர்சில்வர் டப்பா உண்டு, அது காலியாகி நான் பார்த்ததில்லை.

இந்த லட்டைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் வாயால் சொல்லிக்கொடுக்காத சட்டம். பிரசாதம் வேண்டாம் என்று சொல்லக்கூடாது, எறியக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அது சாப்பாடு இல்லை. சனிக்கிழமை ஒருபொழுது இருக்கிறவர்கள் பச்சைத்தண்ணீர்தான் குடித்தேன் என்பார்கள், வாயில் லட்டு மணக்கும். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு தொடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டால், தொட்டு மூன்று வருடமாகிறது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வார். பொய் சொல்கிற மனிதர் இல்லை. பிரசாதம் அவருடைய நினைவிலேயே வராது.

குட்டி வந்த இரண்டாம் வாரம் அதற்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் தண்ணியாக, அப்புறம் சளி சளியாக, நடுவில் இரண்டு தடவை வாந்தி. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாலை நிறுத்தினேன். தயிர் சாதம் வைத்தேன். கஞ்சி வைத்தேன். கூடத்தில் ஓர் இடம் விடாமல் காலையும் ராத்திரியும் துடைத்துத் துடைத்து என் இடுப்பு ஒடிந்தது. மூன்றாம் நாள் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் ஒரு தெலுங்குப் பெண்மணி. கறாரானவர், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. பார்வோ என்கிற கொடிய நோய் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, அது இல்லை என்றார். பூச்சி மருந்து கொடுத்தார். "ஏம் பெட்டாரும்மா?" என்று கேட்டார். என்ன கொடுத்தோம் என்பதை நேரம் வாரியாகச் சொன்னேன். "இங்கேமன்னா பெட்டாரா?" வேறு ஏதாவது?

"லேது டாக்டர். ஏமீ லேது." ஒன்றுமே இல்லை என்றேன், ஒரு கட்டமும் விடாமல் பூர்த்தி செய்த தெம்பில்.

கோழிக்கறியை உப்பு போடாமல் வேகவைத்து, சோற்றில் பிசைந்து கொடுங்கள் என்றார் டாக்டர். எங்களுக்கு முகம் வெளிறிவிட்டது. புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டோம். நைனா நாமம் போடாமல் வாசல் தாண்டாத மனிதர். நான் மெதுவாக, "அடுத்த மாசம் வெச்சிக்கலாமா?" என்று இழுத்தேன். நைனாதான் வெடுக்கென்று, "நாய்க்கு இன்னாமா புரட்டாசி? வாங்கியாந்து வெய்யி" என்றார். என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வை ஏற்றி, ஒரு ஒதுக்குப் பாத்திரத்தில் கோழியை வேகவைத்தார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

கோழிச் சோறு தின்ற அன்று குட்டி கொஞ்சம் தெளிந்தது. மறுநாள் மறுபடி அதே கதை. இரண்டாவது தடவை போனோம். டாக்டர் மறுபடி கேட்டார். நான் மறுபடி லேது என்றேன். மருந்தை மாற்றிக் கொடுத்தார். அதற்கும் கேட்கவில்லை. குட்டி எழுந்து நிற்கவே கஷ்டப்பட்டது. மூக்கு காய்ந்து, கூப்பிட்டால் வாலை மட்டும் ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நைனா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேச்சு நின்றுவிட்டது. மறுபடியும் மின்விசிறிச் சத்தம். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. இது போய்விட்டால் நைனா இன்னொரு தடவை வாயைத் திறக்கமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தது.

அடுத்த நாள் லீவு போட்டேன். காலையில் குட்டி வயிற்றால் போனதைப் பழைய பேப்பரால் அள்ளும்போது அதில் ஏதோ உருண்டையாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். முழுசாக ஒரு காய்ந்த திராட்சை, ஊறிப் பெருத்து. பக்கத்தில் அரை முந்திரி. தயிர் சாதத்தில் திராட்சை போடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கோழிக்கும் முந்திரி போடவில்லை. அப்படியே கையில் பேப்பரோடு நின்றேன். பிறகுதான், மண்டையில் யாரோ குட்டியது போல, எவர்சில்வர் டப்பா நினைவுக்கு வந்தது.

எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மூன்று பேரும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"லட்டுவா?"

"அது பிரசாதம் டாக்டர்" என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் அது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த எருமை ஒன்று திரும்பிப் பார்த்தது. நெய்யும் சர்க்கரையும் குட்டியின் வயிற்றைக் கெடுக்கும், அதையாவது சரி செய்யலாம். காய்ந்த திராட்சை நாய்க்கு விஷம், கிட்னியையே வாங்கிவிடும் என்றார். ரத்தம் எடுத்து அனுப்புகிறேன், மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள், உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார். யார் கொடுத்தது என்று கேட்டார்.

"நானு" என்றேன். தினமும் ஆபீசுக்குக் கிளம்பும்போது, சீக்கிரம் குணமாகட்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு சிட்டிகை அதன் நாக்கில் வைத்துவிட்டுத்தான் போனேன். உடம்பு மோசமானதும் சிட்டிகை கொஞ்சம் பெரிதாயிற்று. "நானும் ரெண்டு மூணு நாள் குடுத்தேன்" என்றார் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. நைனா குட்டியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

டிரிப்ஸ் ஏற இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். வெளியே பெஞ்சில் நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு என் மேலேயே இருந்த கோபமெல்லாம் அவர் பக்கம் திரும்பியது. எங்கள் இரண்டு பேர் சிட்டிகையும் சேர்ந்தால்கூட ஒரு சுண்டைக்காய் அளவு வராதே.

"நைனா, நீ எவ்ளோ குடுத்த?"

அவர் தோள் துண்டை எடுத்து உதறி மடித்தார்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"பாதி" என்றார்.

"இன்னா பாதி?"

"லட்டுல பாதி. தெனிக்கும்."

"அது என் கையளவு கூட இல்ல நைனா! அதுக்குப் போயி பாதி லட்டா? உனுக்கு இன்னா பைத்தியமா?" ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்கம்மா இருக்கசொல்லோ எது வந்தாலும் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. முழுசா துன்னு எனக்குப் பழக்கம் இல்லமா. இங்க நீங்க ரெண்டு பேரும் ஓடிக்கினே கீறீங்க. பாதிய டப்பாலயே வெச்சிருவேன். இவன் வந்தான். கைய நீட்னேன், வாங்கிக்கினான்."

இரண்டு வருடமாக அந்த டப்பாவைத் தினம் திறந்து மூடுகிறவள் நான்தான். அதில் எப்போதும் பாதி லட்டு கிடக்கும். வயசாகிவிட்டது, செரிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு, எறும்பு மொய்ப்பதற்குள் யாருக்காவது கொடுத்துவிடுவேன். ஏன் நைனா பாதியை வைத்துவிடுகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"செத்துப் பூடுமாமா?" என்று கேட்டார்.

"பூடாது" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

மூன்று நாளும் நைனாதான் ஆட்டோவில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் வந்தார். டப்பாவை நான் அலமாரியின் உச்சித் தட்டில் ஏற்றிவிட்டேன். வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம், நாய் இருக்கிறது, கீழே சிந்தாமல் சாப்பிடுங்கள் என்று வாசலிலேயே சொல்லி, இரண்டு பேருக்கு என் மேல் மனத்தாங்கல். நைனா ஒரு வாய் சோற்றுக்கு மேல் சாப்பிடவில்லை. வற்புறுத்தினால், "அவன் துன்னட்டும்" என்றார்.

நாலாம் நாள் லீவு இல்லாமல் சித்தூர் போக வேண்டியதாயிற்று. பதினோரு மணிக்கு என் போன் அடித்தது. நைனா. இரண்டு வருடத்தில் அவராக எனக்குப் போன் செய்ததே இல்லை. எழுந்து நின்றுகொண்டு எடுத்தேன்.

"கெட்டியா போயிட்டான்மா!"

தறி ஓடும்போது கத்துவாரே, அதே குரல். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. என்ன நிறம், எந்த மூலையில், எத்தனை தடவை என்று ஒன்று விடாமல் சொன்னார். ரத்தச் சோதனையில் கிட்னிக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார். ஒரு கிண்ணம் கோழிச் சோறு தின்றதையும், ஊசி ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் கடித்துப் பிய்த்ததையும், டாக்டரம்மாவின் செருப்பை மோந்து பார்த்ததையும் சொன்னார். இருபது நிமிடம் பேசினார். நான் உம், உம் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

கடைசியில் குரல் தணிந்தது. "நகரிலேர்ந்து உங்க சித்தப்பா வந்துட்டுப் போனாரு. லட்டு குட்த்தாரு."

"நைனா! அவனுக்கு..."

"குடுக்கலமா. பாதிய நான் துன்னுட்டேன். மிச்சப் பாதி கையிலயே வெச்சிக்கினு கீறேன். நீ இன்னிக்கி சீக்கிரம் வர்றியா?"

மேலதிகாரியிடம் போய் நின்று, அரை நாள் லீவு கேட்டு, பையை எடுத்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.