தவராஜா குனிந்து நுழைந்த வீடு

கமலாவதிக்குச் சந்தேகம் மூக்கில்தான் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் வில் என்னும் நகரத்து முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் பல வருடங்களாக வேலை செய்கிறவர். உடுப்பைக் கையில் எடுத்ததுமே அது எங்கே போய் வந்தது என்று அறிந்துவிடுவார். கணவர் தவராஜா சனிக்கிழமைகளில் போட்டுப்போகும் ஜாக்கெட்டில் விறகுப்புகை மணந்தது. பார்சல் களஞ்சியத்தில் மேலதிக வேலை என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.

"பார்சலுக்கு விறகோ எரிக்கிறியள்?"

"பக்கத்திலை ஆரோ இறைச்சி வாட்டினவங்கள்."

பனிக்காலத்தில் யார் வெளியே நின்று வாட்டுவார்கள்?

ஊருக்கு வெளியே பழைய பண்ணைவீடொன்றை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி இல்லத்து முதியவர்கள் கதைப்பதுண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போவோம் என்றார் கமலாவதி.

"அங்கை என்ன கிடக்கு? பழைய பலகையள். நான் ஒருநாளும் போனதில்லை," என்றார் தவராஜா. கேட்காத கேள்விக்கு வந்த அந்தப் பதில் கமலாவதியின் மனதில் தைத்தது.

அடுத்த ஞாயிறு கமலாவதி அவரை வற்புறுத்தி அழைத்துப்போனார். பண்ணைவீட்டின் வாசல்நிலை தாழ்வாக இருந்தது. முன்னால் போன சுவிஸ்காரர் நெற்றியை இடித்துக்கொண்டார். தவராஜாவோ கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே குனிந்து நுழைந்தார்.

உள்ளே பச்சை ஓடு பதித்த, விறகு எரிக்கும் பெரிய கணப்பு. அதே புகைமணம்.

"இஞ்சை ஆரைப் பாக்க வாறனீங்கள்?"

"விசர்க்கதை கதையாதையும்."

அதற்குள் வழிகாட்டும் பெண்மணி வந்து கணவரின் கையைப் பற்றிக் குலுக்கினார். "தவராஜா, இன்றைக்கு உங்கள் முறை இல்லையே!" பிறகு கமலாவதியிடம் திரும்பினார். சனிக்கிழமைகளில் கணப்பு மூட்டுவது இவர்தானாம். வீட்டைப் பராமரிக்கும் சங்கத்துக்கு இப்படி ஓர் உறுப்பினர் கிடைப்பது அரிதாம். சுவிஸ் குடியுரிமைக்காக அதிகாரிகள் அவரைப் பற்றி விசாரிக்கும்போது சங்கம் நிச்சயமாக நல்லபடி சொல்லுமாம்.

அதுவரை ஜெர்மன் மொழியில் கேட்டுக்கொண்டிருந்த கமலாவதி தமிழுக்கு மாறினார். "பாஸ்போட்டுக்குத் தனியவோ போட்டனீங்கள்?"

"உமக்கு டொச் காணாது. சேர்த்துப் போட்டு ரெண்டு பேருக்கும் இல்லையெண்டா? முதல் நான் எடுத்தா, பிறகு உமக்குச் சுகம்."

"சொன்னா வாய் நோகுமோ?"

"கோவிப்பீர் எண்டு…"

கமலாவதி பெண்மணியின் பக்கம் திரும்பி, முதியவர்களோடு கதைக்கும் அதே டொச்சில் மெதுவாகக் கேட்டார்: நானும் சங்கத்தில் சேரலாமா? திரைச்சீலைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறோம் என்றார் அவர்.

"நீங்கள் போய்க் காரை எடுங்கோ. நான் இவவோடை கதைச்சிட்டு வாறன்."

"என்ன கதைக்கப்போறீர்?"

கமலாவதி பெண்மணியோடு ஜன்னல் திரைச்சீலைகளிடம் போனார். தவராஜா வாசல்வரை போனார். வெளியே இறங்காமல், காதைக் கொடுத்தபடி அங்கேயே நின்றார்.